வலது கம்பி

டேப்பை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டையின் உள்பையில் போட்டுக்கொண்டார் மாணிக்கவாசகம். அப்புறமும் திருப்தியில்லாமல் பையை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"சார், ஒரே ஒரு தடவை ஏத்திப் பார்த்துட்டுக் குடுத்துடறேன்," என்றாள் ரோசலின்.

"மாட்டேன்."

"எங்கப்பா விஷயம் சார்."

"அதனாலதாம்மா மாட்டேன்." நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பெரிய உடம்பு, சின்ன நாற்காலி. "அந்த இன்ஸ்பெக்டர் வந்து முதல்ல என்ன கேப்பான்? படம் யார் கையில இருந்துச்சுன்னு கேப்பான். எலியேசர் பொண்ணு கையிலன்னு சொன்னா, சிரிச்சுட்டு எழுந்து போயிடுவான். கம்பியை அழிக்கத் தெரிஞ்சவளுக்கு வரையத் தெரியாதாம்பான். போலீஸ் முன்னாடி பீரோவைத் திறப்பேன். போலீஸ் முன்னாடி ஏத்துவேன். அது வரைக்கும் நீயும் தொடாதே, நானும் தொடலை."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ரோசலினுக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது.

மைசூர் அக்ரஹாரத்தில் ஊதுவத்திக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது நேத்ரா கிராபிக்ஸ். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஏ.சி., நாள் முழுக்கக் கீழேயிருந்து ஏறி வரும் செயற்கை மல்லிகை வாசனை. தொண்ணூற்றெட்டில் பக்தித் தொடர் எடுத்த சில பேர், சாமியை வானத்தில் பறக்கவிட வேண்டுமென்றால் அந்த மாடிப்படி ஏறி மாணிக்கவாசகத்தைத்தான் பார்த்தார்கள். நடிகரைக் கம்பியில் கட்டித் தூக்கிப் படம் பிடிப்பார்கள். அந்தக் கம்பி திரையில் தெரியாமல் துடைத்துக் கொடுப்பது ரோசலினின் வேலை.

கம்பி கட்டுவது அவளுடைய அப்பா எலியேசரின் வேலை. கட்டடத்துக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தவர், முடிச்சுப் போடும் கை நல்ல கையென்று யாரோ படப்பிடிப்புக்குக் கூட்டிப் போக, அங்கேயே தங்கிவிட்டார். மகளை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

"எலியேசர் வீட்ல அப்பன் கட்டுவான், பொண்ணு அழிப்பா," என்று மாணிக்கவாசகம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மதன் செத்த பிறகு அந்த வேடிக்கையை அவர் சொல்வதில்லை.

மதன் ஹனூர்ப் பக்கத்துப் பையன். தெருக்கூத்தில் ஆடிக்கொண்டிருந்தவனுக்குத் தொடரில் கருடன் வேஷம் கிடைத்தது. மேல்கோட்டைப் பாறை ஒன்றின் உச்சியிலிருந்து அவன் பறந்து இறங்க வேண்டும். பாதி தூரம் இறங்கினான். மேலே பாறை விளிம்பில் உரசிக்கொண்டிருந்த கம்பி அறுந்தது. மைசூர் ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரு மத்தியானம் அதையும் நிறுத்திக்கொண்டான்.

எலியேசர் மேல் வழக்குப் பாய்ந்தது. ஆளைத் தூக்குவதென்றால் இரண்டு கம்பி கட்ட வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றது தாங்கும். எலியேசர் ஒன்றுதான் கட்டினார் என்று படப்பிடிப்பில் இருந்த அத்தனை பேரும், கேமராமேனிலிருந்து டீ கொடுத்தவர் வரைக்கும், ஒரே மாதிரி வாக்குமூலம் கொடுத்தார்கள்.

"எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா என்ன அர்த்தம்?" என்று ரோசலின் கேட்டாள். "யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு அர்த்தம்."

அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. அந்தத் தொடரில் அதுவரை பறந்த ஒவ்வொரு காட்சியையும் துடைத்தவள் அவள். ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பி. இடது கம்பி, வலது கம்பி. அப்பா ஒற்றைக் கம்பியில் ஒரு ஆட்டுக்குட்டியைக்கூடத் தூக்கியவரில்லை. அப்படியென்றால் நடந்தது வேறு. தயாரிப்பு மேனேஜர் வாங்கிக் கொடுத்த கம்பி மட்டமான கம்பி. இரண்டுமே அறுந்திருக்கிறது. ஒன்றைச் சுருட்டி ஒளித்துவிட்டு, மற்றதைப் போலீஸில் கொடுத்துவிட்டு, பழியை எலியேசர் தலையில் கட்டிவிட்டார்கள். இரண்டு கம்பி இருந்ததென்று காட்டிவிட்டால் அப்பா வெளியே, மேனேஜர் உள்ளே. காட்டாவிட்டால் அப்பா ஜெயிலுக்கு.

படம் பிடித்த கேசட்டைக் கேட்டுத் தயாரிப்பு ஆபீசுக்குப் போனாள். "அதுல அப்பவே வேற ஷூட்டிங் எடுத்துட்டோமேம்மா," என்றார் மேனேஜர், பல் குத்திக்கொண்டே. கேசட்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது அங்கே வழக்கம்தான். ஆனால் அந்தப் பல் குத்தல் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மிச்சம் இருந்தது ஒரே இடம். மதன் இல்லாததால் மறுபடி எடுக்க முடியாத காட்சி அது. விழுவதற்கு முந்திய துண்டு வரைக்கும் வைத்துக்கொண்டு கம்பியைத் துடைத்துக் கொடுங்கள் என்று நேத்ராவுக்கே அனுப்பியிருந்தார்கள். ரோசலின் அப்போது அப்பாவோடு ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் அலைந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பதில் கூட வேலை பார்த்த தாரணி செய்தாள். செய்து கொடுத்த கையோடு கல்யாணமாகிக் கொள்ளேகாலம் பக்கம் போய்விட்டாள். துடைக்காத மூலப் படங்களை மாணிக்கவாசகம் டேப்பில் ஏற்றி எடுத்து வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் இடம் வேண்டுமென்று அங்கிருந்து அழித்துவிட்டார். அந்த டேப்தான் இப்போது பீரோவில்.

"டேப்பை விடுங்க சார். தாரணி செஞ்ச வேலை இன்னும் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல? அதையாவது திறக்கறேன்."

மாணிக்கவாசகம் யோசித்தார். "அதுல படம் வராதே. வெறும் பெட்டிதான் இருக்கும்."

"பெட்டி போதும் எனக்கு."

"சரி. பெட்டியை அடுக்கு. படத்தைத் தொடாதே."

பெட்டி என்று அவர் சொன்னதற்கு நோட் என்று பெயர். செய்கிற ஒவ்வொரு வேலைக்கும் திரையில் ஒரு நோட். மேலே படத்தை ஏற்றும் நோட். அதிலிருந்து ஒரு கோடு இறங்கி இடது கம்பியை அழிக்கும் நோட்டுக்குப் போகும். அங்கிருந்து இன்னொரு கோடு வலது கம்பிக்கு. அப்புறம் வானத்தின் நிறம், மேகம், கருடனின் சிறகு என்று ஒவ்வொன்றாய்க் கடந்து, கடைசியில் முடிந்த படம். எந்த நோட்டை அணைத்தாலும் அந்த ஒரு வேலை மட்டும் செய்யாதது போல் ஆகிவிடும். ரோசலினின் நோட்டுகள் ஒன்றின்கீழ் ஒன்றாக, நேர்க்கோட்டில், ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி நிற்கும். தாரணிக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

திறந்தாள். திரை முழுக்க இடியாப்பம்.

பெயரில்லாத நோட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. கோடுகள் குறுக்கும் நெடுக்கும் ஓடின. சிறகுக்கான கோடு மேகத்தைச் சுற்றிக்கொண்டு போய் எங்கேயோ முட்டி நின்றது. எதற்கும் இணையாத அனாதை நோட்டுகள் ஓரத்தில் குவிந்திருந்தன.

"உன் மாமியார் வீட்லயாவது பாத்திரத்தைக் கவுத்து வைக்கிறியாடி," என்று இல்லாத தாரணியைத் திட்டிக்கொண்டே ஒவ்வொரு நோட்டாக இழுத்து ஒதுக்கினாள். அனாதைகளைத் தூக்கினாள். கோட்டைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே ஏறினாள். இது சிறகு. இது மேகம். இது வானம். ஒவ்வொன்றாய்ச் சரி செய்து அடுக்க அடுக்க முதுகெலும்பு போல ஒரு நேர்க்கோடு எழுந்து வந்தது.

வானத்துக்கு மேலே இரண்டு நோட்டுகள் இருந்தன. இந்த இரண்டுக்கு மட்டும் பெயர் இருந்தது. இடது கம்பி. வலது கம்பி.

ரோசலின் கையை எடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

இரண்டும் கோட்டில் இணைந்திருந்தன. இரண்டும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தன. படம் இல்லாததால் பக்கத்துத் திரை கறுப்பாகத்தான் இருந்தது. இருக்கட்டும். இல்லாத கம்பியை அழிக்க யாராவது நோட் போடுவார்களா?

"சார்," என்றாள். "இங்க வந்து பாருங்க."

மாணிக்கவாசகம் வந்து கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"ரெண்டு," என்றார்.

"ரெண்டு சார்."

"போய் மனு எழுதிக் குடு. வியாழக்கிழமை போலீஸ் முன்னாடி டேப்பை ஏத்துவோம்."

*

ஸ்டேஷன் வராந்தாவில் மதனின் அம்மா தேவம்மா உட்கார்ந்திருந்தாள். மகனின் உடம்போடு வந்த வேட்டி சட்டையைத் திருப்பி வாங்க வந்தவள். ரோசலினைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்கப்பன் மட்டும் நல்லா இருக்கட்டும் புள்ள," என்றாள் சுவரைப் பார்த்து. "எம் பையன் தலையில வச்ச கிரீடத்தைக்கூடக் கழட்டாம விழுந்தான்."

வேறு நாளாக இருந்தால் ரோசலின் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பாள். அன்றைக்கு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்மா, எங்கப்பா ரெண்டு கம்பி கட்டினாரு. நான் பார்த்துட்டேன். அந்தக் கம்பியை மறைச்சவங்க யாருன்னு வியாழக்கிழமை தெரிஞ்சுடும். நீங்களும் வாங்க. உங்க கண்ணால பாருங்க."

தேவம்மா மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். "நெசமாவா?"

"சத்தியமா."

உள்ளே இன்ஸ்பெக்டர் மனுவைப் படித்துவிட்டு மேஜையில் வைத்தார். கோலார் தங்கவயலில் வேலை பார்த்தபோது கற்ற தமிழ் அவருடையது. "எனக்குத் தமிழ் ஸ்வல்ப பருத்தே, கொஞ்சம் வரும்," என்று ஆரம்பித்தார். "ரெண்டு கம்பி இருந்துச்சுன்னு நீ எழுதி, கையெழுத்துப் போட்டிருக்கே. படத்துல இருந்தா மேனேஜரைத் தூக்கறேன். இல்லேன்னா அப்புறம் என்கிட்ட அழக்கூடாது. ஹௌதா, சரிதானே?"

"ஹௌது சார்," என்றாள் ரோசலின்.

*

என்.ஆர். மொஹல்லா வீட்டில் எலியேசர் கட்டிலில் உட்கார்ந்து வெறுமனே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜாமீனில் வந்ததிலிருந்து அப்படித்தான். சர்ச்சுக்குப் போவதில்லை. சவரம் செய்வதில்லை. கை மட்டும் சும்மா இராமல் வேட்டி நுனியில் முடிச்சுப் போட்டு, அவிழ்த்து, போட்டுக்கொண்டிருக்கும்.

ரோசலின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அவர் கை நின்றிருந்தது.

"வேண்டாம் பாப்பா."

"என்ன வேண்டாம்?"

"டேப்பு. அது பூட்டினபடி இருக்கட்டும்."

"ஏன்பா? யாரு மிரட்டினாங்க? மேனேஜரா?"

"யாரும் இல்ல."

"பின்ன?"

"தப்பு என்னுதுன்னு நான்தான் சொல்லிட்டேன்ல. நாலு பேர் முன்னாடி சொல்லியாச்சு. விட்டுடு."

"நீங்க பயந்துட்டுச் சொன்னீங்க. பயந்தவங்க சொல்றதுக்கெல்லாம் சாட்சியம்னு பேர் இல்ல." தட்டில் சோற்றைப் போட்டு அவர் முன்னால் வைத்தாள். "இருபது வருஷமா ஊரையே தூக்கி இறக்கியிருக்கீங்க. ஒரு ஆள் ஒரு கீறல் படலை. உங்களைக் கம்பி கட்டத் தெரியாதவர்னு எழுதி வச்சுட்டுப் போவானா? நான் விட மாட்டேன்."

எலியேசர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் சோற்றில் கை வைத்தார்.

"நானும் வரேன் வியாழக்கிழமை," என்றார்.

*

வியாழக்கிழமை காலை ஊதுவத்தி வாசனை வழக்கத்தைவிட அதிகமாய் இருந்தது. இன்ஸ்பெக்டர் முன்வரிசை நாற்காலியில். பக்கத்தில் எழுத ஒரு கான்ஸ்டபிள். தேவம்மா உட்கார மாட்டேனென்று சுவரோரம் நின்றாள். எலியேசர் கதவு நிலையில், பாதி உள்ளே பாதி வெளியே.

மாணிக்கவாசகம் எல்லாரும் பார்க்கச் சாவியை எடுத்து, எல்லாரும் பார்க்கப் பீரோவைத் திறந்து, டேப்பை இரண்டு கையாலும் ஏந்தி வந்து மாட்டினார். அது முனகி முனகி ஓடிப் படங்களை இறக்கி முடித்தது. ரோசலினுக்குக் கீபோர்டைத் தொட அனுமதி இல்லை. அவள் சொல்லச் சொல்ல மாணிக்கவாசகம் செய்வதென்று ஏற்பாடு.

முதலில் டி.வி.யில் வந்த காட்சி. நீல வானத்தில் தங்கச் சிறகை விரித்துக்கொண்டு மதன் இறங்கினான். முகத்தில் சாமியின் சிரிப்பு. கம்பி, கயிறு எதுவும் இல்லை. தேவம்மாவின் தொண்டையில் ஒரு சத்தம் வந்து அடங்கியது.

"சிறகை அணைங்க சார்," என்றாள் ரோசலின்.

சிறகு போயிற்று.

"மேகம். அப்புறம் வானம்."

வானம் சாம்பல் நிறமாயிற்று. மேல்கோட்டையின் உண்மையான வானம்.

"இடது கம்பி."

மாணிக்கவாசகம் அணைத்தார். மதனின் இடுப்பிலிருந்து மேல்நோக்கி ஒரு மெல்லிய கோடு சட்டென்று வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் முன்னால் குனிந்தார்.

"இதா ஒண்ணு?"

"ஆமா சார். இப்ப பாருங்க." ரோசலின் கதவுப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "வலது கம்பியை அணைங்க சார்."

மாணிக்கவாசகம் அணைத்தார்.

திரை அப்படியே இருந்தது.

"அணைங்க சார்."

"அணைச்சுட்டேம்மா."

"மறுபடி போட்டு அணைங்க."

போட்டார். அணைத்தார். போட்டார். அணைத்தார். சாம்பல் வானம், ஒரு கோடு, கீழே மதன். இம்மியும் மாறவில்லை.

"அந்த நோட்டைத் திறங்க சார்," என்று சொல்லிவிட்டு ரோசலின் குனிந்து உள்ளே பார்த்தாள். வலது கம்பி ஓடும் பாதை உள்ளே வரைந்திருந்தது. அந்தப் பாதையை அவளுக்குத் தெரியும். அது அவள் கை. போன மாதக் காட்சிக்கு அவள் வரைந்த பாதை. தாரணி அவசரத்தில் ரோசலினின் நோட்டுகளைக் கொத்தாகப் பிடித்து நகலெடுத்து இங்கே ஒட்டியிருக்கிறாள். இடது கம்பிக்கு மட்டும் புதிதாகப் பாதை வரைந்திருக்கிறாள். வலதைத் தொடவேயில்லை. தூக்கி எறியவும் சோம்பல். அது பாட்டுக்கு இருந்துகொண்டு, இல்லாத கம்பியைத் தேடி, வானத்தை எடுத்து வானத்தின் மேலேயே பூசிக்கொண்டிருந்திருக்கிறது. பூசியது யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

"மேலே போங்க சார்," என்றாள். "மூலப் படத்துக்கே போங்க. நோட் எதுவும் வேண்டாம்."

மூலப் படம் வந்தது. ஒரு கம்பி. முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை ஓட்டினார்கள். ஒரு கம்பி. கடைசியில் அது மேலே எங்கேயோ தளர்ந்து வளைகிற இடத்தில் படம் நின்றது.

தேவம்மா சுவரை விட்டு நகர்ந்து திரையருகே வந்தாள். விரலால் மதனின் வலது இடுப்பைத் தொட்டுக் கண்ணாடியில் மேலே கோடு இழுத்துப் பார்த்தாள்.

"அந்த இன்னொண்ணு எங்க புள்ள?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். "இருக்குன்னு சத்தியம் பண்ணினியே. எங்க?"

ரோசலின் திரும்பினாள். கதவைப் பார்த்தாள். எலியேசர் திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வந்ததிலிருந்தே அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளிடம் கன்னடத்தில் ஏதோ எழுதச் சொன்னார். ரோசலின் எழுந்து வெளியே போனாள். மாடிப்படியில் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"ஏன்பா கழட்டினீங்க?"

"கழட்டலை. மாட்டவே இல்லை."

"அதான் ஏன்?"

எலியேசர் படியில் உட்கார்ந்தார். கீழே கடைக்காரர் யாருக்கோ ஊதுவத்தியைக் கொளுத்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கப்பா. மேனேஜர் சொன்னாரா?"

"இல்ல."

"பின்ன யாரு சொன்னது?"

"விடு பாப்பா."

"யாரு சொன்னதுன்னு கேக்கறேன்ல."

"வலது கம்பி மூஞ்சி மேலயே விழுதுன்னு நீதானம்மா சொன்னே."

ரோசலினுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. சர்ச்சில் பூசை முடிந்து வந்து மீன் குழம்பு. கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, அண்ணாந்தபடியே அவள் பேசிக்கொண்டிருந்தாள். கேமரா கீழே, மதன் மேலே, வலது கம்பி சரியாக மூக்கின் குறுக்கே. வானத்தில் ஓடும் கம்பியைத் துடைப்பது சுலபம். முகத்தில் ஓடுவதைத் துடைத்தால் படத்துக்குப் படம் மூக்கைப் புதிதாக வரைய வேண்டும். மூக்கை வரைந்து வரைந்து கண்ணே போயிடுச்சுப்பா. அந்த வலது கம்பி இல்லாம ஒரே ஒரு ஷாட் குடுங்க, உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடறேன். அப்பா சிரித்தார். அவளும் சிரித்தாள். மீன் முள்ளை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

"நான் சும்மா சொன்னேன்ப்பா."

"தெரியும்."

"விளையாட்டுக்குச் சொன்னேன்."

"தெரியும்மா. சின்ன இறக்கம்தானே, ஒரு கம்பி தாங்கும்னு பார்த்தேன். புதுக் கம்பி அது. பாறை விளிம்புல சாக்கு சுத்தியிருக்கணும். அவசரத்துல சுத்தலை." வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார். "உன் கண்ணு சிவந்திருந்துச்சு அன்னிக்கு."

அவள் படியேறி உள்ளே ஓடினாள்.

"சார், நான்தான் சொன்னேன். வலது கம்பி வேண்டாம்னு நான்தான் எங்கப்பாகிட்ட சொன்னேன். எழுதிக்குங்க."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். ரோசலின் சொன்னாள். மூக்கு, கம்பி, ஞாயிற்றுக்கிழமை, மீன் குழம்பு எல்லாவற்றையும் சொன்னாள். கான்ஸ்டபிள் பேனாவைத் தூக்கியபடி இருந்தார், எழுதவில்லை.

"ஏனம்மா," என்றார் இன்ஸ்பெக்டர், அலுத்துப்போய். "ரெண்டு கம்பி, சத்தியம்னு எழுதிக் குடுத்தே. ஒண்ணுதான்னு படத்துல தெரிஞ்சதும், அது நான் சொன்னதுங்கறே. நாளைக்கு என்ன சொல்வே? மதன் தானா அறுத்துக்கிட்டான்பியா?"

"இது நிஜம் சார்."

"அதுவும் நிஜம்னுதான் எழுதினே."

"எங்கப்பாவைக் கேளுங்க."

எலியேசர் வாசலுக்கு வந்திருந்தார். "அவ ஒண்ணும் சொல்லலைங்க," என்றார். "வீட்ல வேலைப் பேச்சே நாங்க பேசறதில்ல. என்னைக் காப்பாத்தணும்னு வாய்க்கு வந்ததைச் சொல்றா. ஒரு கம்பி போதும்னு நானா முடிவு பண்ணினேன். எழுதிக்குங்க."

கான்ஸ்டபிளின் பேனா ஓடத் தொடங்கியது.

"அப்பா," என்றாள் ரோசலின்.

அவர் திரும்பவில்லை.

தேவம்மா ரோசலினைத் தாண்டிக்கொண்டு வாசலுக்குப் போனாள். எலியேசர் ஒதுங்கி வழிவிட்டார். அவள் நின்று அவர் முகத்தைப் பார்ப்பாள், ஏதாவது சொல்வாள், குறைந்தபட்சம் காறித் துப்புவாள் என்று ரோசலின் எதிர்பார்த்தாள். தேவம்மா ஒன்றும் செய்யாமல் படியிறங்கிப் போனாள்.

"கோர்ட்டுக்கு ஒரு படம் வேணும்," என்றார் இன்ஸ்பெக்டர். "காகிதத்துல."

மாணிக்கவாசகம் ஒரு படத்தைப் பிரிண்டரில் எடுத்தார். காகிதத்தில் மதன் தெரிந்தான், பாறை தெரிந்தது. கம்பி தெரியவில்லை. சாம்பல் வானத்தில் சாம்பல் கோடு கரைந்து போயிருந்தது.

"கம்பி எல்லி, எங்கே? ஜட்ஜுக்குத் தெரியணுமே. பளிச்சுனு வேணும்."

மாணிக்கவாசகம் மவுஸைப் பிடித்து எதையெதையோ அழுத்தினார். படம் பச்சையாயிற்று. அப்புறம் நீலம். வியர்த்தது அவருக்கு. கணக்கு வழக்குப் பார்க்கிறவர், இந்த வேலை கையில் வராது.

"ரோசலின், நீ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "அவ தொடலாமா சார்?"

"இனி தொட்டா என்ன? கம்பியை அழிக்கப் போறாளா?"

ரோசலின் அசையவில்லை.

"செய்ம்மா," என்றார் எலியேசர் பின்னாலிருந்து. "சீக்கிரம் முடியட்டும். வீட்டுக்குப் போகலாம்."

அவள் உட்கார்ந்தாள். மூலப் படத்தின் கீழே புதிதாக ஒரு நோட் வைத்தாள். வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டும் நோட். கோட்டை இழுத்து இணைத்தாள். கூட்டினாள். வானம் இருண்டது. கம்பி மெல்ல வெளுத்து எழுந்தது.

"இன்னும் ஸ்வல்ப," என்றார் இன்ஸ்பெக்டர்.

கூட்டினாள். இடது கம்பி வெள்ளிக் கோடாய் மின்னியது.

"சாகு, போதும். எடு பிரிண்ட்."

அவள் கை நிற்கவில்லை. இன்னும் கூட்டினாள். பாறை கறுத்துத் தார் போலாயிற்று. மதனின் முகம் வெந்து வெளுத்து, மூக்கும் கண்ணும் போய், வெறும் வெள்ளைத் திட்டானது. அவள் அதைப் பார்க்கவில்லை. படத்தின் வலது பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே வானம் புள்ளி புள்ளியாய் உடைந்து கொதித்தது. அந்தப் புள்ளிகளுக்குள் எங்காவது, நேராய், மேலிருந்து கீழே, முடியளவுக்கு ஒரு கோடு. இன்னும் கூட்டினாள். முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"ஏம்மா, போதும்னேனல்லா," என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் இன்னும் கூட்டினாள்.

எலியேசர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, மவுஸின் மேலிருந்த அவள் கைமேல் தன் கையை வைத்தார்.

"அங்க ஒண்ணும் இல்லம்மா," என்றார்.